மிகையூட்டிய மகிழுந்தை இசைவாக்கத்துக்கு முன் ஓட்டுதல்

மிகையூட்டல் என்பது உள் எரி பொறியின் சிலிண்டர்களுக்குள் வளிமண்டல அழுத்தத்தை விடக் கூடுதலான அழுத்தத்தில் காற்றைச் செலுத்துவதாகும். வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்போ, அல்லது பொறியின் தண்டிலிருந்து பெல்ட் மூலம் சுழற்றப்படும் சூப்பர்சார்ஜர் இதனைச் செய்கிறது. இவ்வசதியின்றி உருவாக்கப்பட்ட பெட்ரோல் மகிழுந்தில் பின்னர் டர்போ பொருத்தப்படும்போது, எரிபொருளின் அளவையும் தீப்பொறி நேரத்தையும் புதிய நிலைக்கேற்ப மாற்றியமைத்தல் இன்றியமையாதது. இதுவே இசைவாக்கம்; பொதுவழக்கில் டியூனிங் எனப்படும். டர்போ பொருத்துவதற்கும் இசைவாக்கம் முடிவதற்கும் இடைப்பட்ட காலத்தில் பொறி மிக எளிதாகச் சேதமடையக்கூடும்.

வரலாறு

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி, புகையால் இயங்கும் மிகையூட்டிக்கு 1905-ஆம் ஆண்டில் காப்புரிமம் பெற்றார். பயணிகள் மகிழுந்தில் டர்போ 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமானது. அவ்வாண்டின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் வண்டியின் அமுக்க விகிதம் 10.25:1 ஆகும். இவ்வளவு உயர்ந்த விகிதத்தில் மிகையூட்டியதால் தட்டலைத் தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த நீர்மம் உள்ளே தெளிக்கப்பட்டது. நீர்மம் தீர்ந்தால் மிகையழுத்தத்தைக் குறைக்கும் தடுக்கிதழும் அதில் இருந்தது. பின்னாளில் தாமாக டர்போ பொருத்துவோரின் வண்டிகளில் இத்தகைய காப்பு ஏற்பாடு பெரும்பாலும் இருப்பதில்லை.

ஆபத்துக்கான காரணங்கள்

தட்டல்: தீப்பொறியால் தொடங்கிய சுடர் பரவி முடியும் முன்பே, சிலிண்டரில் எஞ்சியுள்ள கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானே வெடித்தெரிவது தட்டல் அல்லது நாக்கிங் எனப்படும். இதனால் பிஸ்டன் வளையங்களைத் தாங்கும் விளிம்புகள் உடையலாம். சிலிண்டர் தலை கேஸ்கட் பழுதாகலாம். தட்டல் நீடித்தால் பிஸ்டனே உருகலாம்.

வெப்பம்: அமுக்கப்படும் காற்று சூடாகிறது. 30 °C வெப்பநிலையுள்ள காற்றை, 70 விழுக்காடு திறனுடைய அமுக்கி 0.5 பார் மிகையழுத்தத்துக்கு உயர்த்தினால், அதன் வெப்பநிலை சுமார் 80 °C ஆகும் எனக் கணக்கிடலாம். இண்டர்கூலர் இவ்வெப்பத்தைக் குறைக்கிறது.

எரிபொருள் பற்றாக்குறை: பெட்ரோல் முழுமையாக எரிவதற்கான காற்று-எரிபொருள் விகிதம் எடையளவில் ஏறத்தாழ 14.7:1 ஆகும். மிகையூட்டிய நிலையில் சிலிண்டரைக் குளிர்ச்சியாக வைப்பதற்காக, இதனை ஏறத்தாழ 11.5:1 முதல் 12:1 வரை செறிவாக்குவது வழக்கம். பழைய கணினி நிரல் புதிதாக வரும் காற்றை அறியாவிடில் கலவை மெலிந்துவிடும்.

1989-இல் அறிமுகமான மஸ்தா எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வட அமெரிக்காவில் டர்போ பொருத்துவோர் பலர் விரும்பும் வண்டி இது. இதன் தொடக்ககால 1.6 லிட்டர் பொறியின் அமுக்க விகிதம் 9.4:1. உள்ளே வரும் காற்றை ஒரு சிறு கதவின் அசைவைக் கொண்டு அதன் உணரி அளக்கிறது. கதவு முழுதும் திறந்தபின், அதற்கு மேல் எவ்வளவு காற்று வந்தாலும் கணினிக்குத் தெரியாது.

இதற்கு மாறாக, பெரிய எரிபொருள் தெளிப்பான்களைப் பொருத்திவிட்டுக் கணினி நிரலை மாற்றாதிருந்தால் கலவை மிகைச் செறிவாகும். அப்போது பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, பொறி எண்ணெயையும் நீர்க்கச் செய்யும்.

பாதுகாப்பாக ஓட்டும் முறை

வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி இசைவாக்குநரிடம் கொண்டு செல்வதே மிகப் பாதுகாப்பானது. ஓட்டியே தீரவேண்டுமெனில் பின்வருவன கடைப்பிடிக்கப்படுகின்றன:

* பொருத்திய பாகங்களுக்கேற்ற அடிப்படை நிரல் கணினியில் ஏற்றப்பட்டிருத்தல் வேண்டும். தீப்பொறி நேரம் டைமிங் லைட் கொண்டு சரிபார்க்கப்படல் வேண்டும்.
* புறப்படும் முன் டர்போவுக்கு எண்ணெய் சென்றடைவதையும், எண்ணெய், குளிர்நீர், காற்றுக் குழாய்களில் கசிவின்மையையும் உறுதி செய்தல் வேண்டும்.
* கிடைக்கும் பெட்ரோலில் மிக உயர்ந்த ஆக்டேன் எண் உடையதை நிரப்புதல் வேண்டும்.
* அழுத்தமானியின் முள் சுழிக்குக் கீழேயே, அதாவது வெற்றிடப் பகுதியிலேயே இருக்குமாறு ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்தல் வேண்டும்.
* உயர் கியரில், குறைந்த சுழற்சியில் ஆக்சிலரேட்டரை அழுத்துதல் கூடாது. சுழற்சி குறைவாக இருந்தாலும் சுமை மிகுவதால் தட்டல் உண்டாகும். மேட்டில் கியரைக் குறைத்தல் நன்று.
* கடும் வெயிலையும், மிகுந்த பாரம் ஏற்றுவதையும் தவிர்த்தல் வேண்டும்.

மிகையழுத்தக் கட்டுப்பாட்டியைக் கழற்றிவிட்டால் போதும் என்று கருதுவது தவறு. புகையை டர்போவுக்கு வெளியே திருப்பும் வேஸ்ட்கேட்டின் சுருள்வில்லே மிகக்குறைந்த மிகையழுத்தத்தை முடிவு செய்கிறது. எனவே 0.5 பார் சுருள்வில் உள்ள வண்டி, கட்டுப்பாட்டி இல்லாமலும் 0.5 பார் வரை செல்லும். இதனால் சில பட்டறைகளில் வேஸ்ட்கேட்டைத் திறந்த நிலையில் கட்டி வைப்பதுண்டு.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

பழைய மகிழுந்துகளில் உள்ள வழக்கமான ஆக்சிசன் உணரி 14.7:1-ஐ ஒட்டிய விகிதத்தை மட்டுமே நம்பகமாகக் காட்டும். ஆகவே அகலப்பட்டை ஆக்சிசன் உணரியும் அதன் அளவியும் தேவை. மிகையழுத்தம் எழும்போது அளவி 13:1-க்கு மேல் சென்றால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தல் வேண்டும். தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்குவது போன்ற ஒலி தட்டலைக் குறிக்கும். எனினும் இரைச்சல் மிகுந்த சைலன்சர் உள்ள வண்டியில் அது காதில் விழாமலே போகலாம்.

இசைவாக்கம்

வண்டியின் சக்கரங்களை டைனமோமீட்டரின் உருளைகள் மேல் நிறுத்தி, குறைந்த சுமையிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மிகையழுத்தம் உயர்த்தப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் எரிபொருளும் தீப்பொறி நேரமும் திருத்தப்படுகின்றன. இசைவாக்கத்துக்கு முன் செறிந்த கலவையில் ஓடிய பொறியின் எண்ணெயை, பணி முடிந்ததும் மாற்றிவிடுதல் நல்லது.

சட்ட நிலை

இத்தகைய மாற்றங்கள் பல நாடுகளில் புகை விதிகளுக்கு உட்பட்டவை. கலிபோர்னியாவில், புகை வெளியீட்டைப் பாதிக்கக்கூடிய பாகங்களைச் சாலை வண்டியில் பொருத்த மாநிலக் காற்று வள வாரியத்தின் விலக்காணை தேவை.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* ஆக்டேன் எண்
* டைனமோமீட்டர்