கிராமபோன் சீரமைப்பு

கிராமபோன் சீரமைப்பு என்பது சாவி கொடுத்து ஓட்டும் பழைய பாட்டுப் பெட்டியைப் பழுது நீக்கி மறுபடி பாட வைக்கும் கைவேலை. எடிசன் 1877-இல் செய்த போனோகிராப் உருளையில் ஒலியைப் பதித்தது. பெர்லினர் 1887-இல் தட்டைக் கொண்டுவந்தார். நம் தருமபுரிப் பக்கத்துப் பரண்களில் கிடைப்பது தட்டு வகைதான். குறிப்பாக, 1931-இல் வந்த எச்.எம்.வி. 102 போன்ற கைப்பெட்டிகள். மின்சாரம் எட்டாத ஊரிலும் சினிமாப் பாட்டு கேட்க இந்தப் பெட்டி போதும்.

பெட்டியைத் திறக்குமுன் சுருள்வில்லின் முறுக்கை முழுவதும் இறக்கிவிட வேண்டும். முறுக்கோடு உறையைப் பிரித்தால் எஃகுப் பட்டை சீறி வந்து கையைக் கிழிக்கும். உள்ளே பழைய கிரீஸ் கெட்டிப்பட்டிருந்தால் ஓடும்போது 'தொம்' என்று அதிரும். மண்ணெண்ணெயில் கழுவி, கிராபைட் கலந்த கிரீஸ் தடவினால் அது அடங்கும். வில் நுனியில் ஒடிந்திருந்தால் புதிது தேட வேண்டியதில்லை. நுனியை மட்டும் பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, புதுத் துளை போட்டு மாட்டலாம். வேகத்தைக் கட்டுப்படுத்துவது கவர்னர். தட்டுக்கடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி எண்ணிப் பார்த்தால், நிமிடத்துக்கு 78 சுற்று வர வேண்டும்.

ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்டு பாக்ஸில் காக்காப்பொன் தகடோ அலுமினியத் தகடோ இருக்கும். அதைச் சுற்றிய ரப்பர் வளையம் கல்லாக இறுகிவிடுவதால்தான் பாட்டு கரகரக்கிறது. வளையத்தை மாற்றினாலே பாதிக் குறை தீரும். தீராத நோய் ஒன்று உண்டு. துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்கள், அதில் கலந்துவிட்ட ஈயத்தால் காலப்போக்கில் உப்பி வெடிக்கும். அவற்றைப் பற்றவைக்க முடியாது. வேறு பெட்டியிலிருந்துதான் எடுத்துப் போட வேண்டும்.

புளிக்குப் பேர்போன தருமபுரியில் பித்தளைக் குழலைப் புளி போட்டுத் தேய்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். நிக்கல் முலாமும் வார்னிஷும் புளிக்குத் தாங்காது. ஸ்பிரிட்டும் கூடாது; இசைத்தட்டு அவலரக்கால் ஆனது, பட்டதும் கரையும். பெட்டியின் மெருகும் பெரும்பாலும் அதே அரக்குதான். அந்த அரக்கு விளைந்தது இந்தியாவில்; கல்கத்தாவில் 1908 முதல் இங்கேயே தட்டு அழுத்தினார்கள்.

கடைகளில் பளபளக்கும் பித்தளைக் குழலோடு 'பழைய எச்.எம்.வி.' என்று விற்கப்படுபவற்றில் பல போலிகள். நல்ல கைப்பெட்டியை உடைத்து, அதன் மோட்டாரைப் புது மரப்பெட்டிக்குள் பொருத்தியிருப்பார்கள். இதைச் சீரமைப்பு என்று சொல்லக்கூடாது.

எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. தேய்ந்ததைப் போட்டால் தட்டின் வரி போய்விடும். பிற்கால வினைல் தட்டுகளை இதில் ஒருமுறைகூட வைக்காதீர்கள்.