உறங்கும் பாதை

ஓர் ஊருக்கு இரண்டு பாதைகள் இருப்பது நன்மை என்றே நாம் எண்ணுவோம். ஒன்று வெள்ளத்தில் அறுந்தாலும் மற்றொன்று உதவும். ஆனால் கணிப்பொறிகளை இணைக்கும் கம்பிகளில் இந்த நன்மையே கேடாக முடிவதுண்டு. அந்த வரலாற்றை இன்று கூற விழைகிறேன்.

ஒரு கட்டடத்துக் கணிப்பொறிகள் தம்முள் செய்தி பரிமாறும் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். அது 1973-ல் அமெரிக்காவில், ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது. ஒரே கம்பியில் அனைவரும் பேசுவதற்கென வகுத்த முறையாதலால், ஒரு செய்தி எத்தனை இடம் கடந்தது என்று எண்ணும் குறிப்பு அதில் இல்லை. பின்னர் கம்பியோடு கம்பியைச் சேர்க்கும் 'பிரிட்ஜ்' என்னும் கருவிகள் வந்தன. இன்றைய ஸ்விட்சுகளின் முன்னோர் அவையே. அவற்றிடையே இரு வழிகள் அமைந்துவிட்டால், எல்லோருக்குமென விடுத்த செய்தி வட்டமிடத் தொடங்கும். வழிகள் மிகுந்தால் பிரதிகளும் பெருகி, வேறு எச்செய்திக்கும் இடமிராது. செக்குமாட்டையாவது மாலையில் அவிழ்த்து விடுவர். இச்செய்திக்கு ஓய்வே இல்லை!

இதற்குத் தீர்வு கண்டவர் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் அம்மையார். ஒரு வெள்ளிக்கிழமையன்று மேலாளர் இச்சிக்கலைக் கொடுத்துவிட்டு ஒரு வார விடுமுறையில் சென்றாராம். அன்றிரவே அம்மையாருக்கு வழி புலப்பட்டது. திங்களும் செவ்வாயும் அதனை எழுதி முடித்து, எஞ்சிய நாட்களில் அதைப் பற்றி ஒரு கவிதையும் இயற்றினார்! 1985-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அக்கவிதையும் இடம்பெற்றது.

முறை எளியது. ஒவ்வொரு பிரிட்ஜுக்கும் ஓர் எண் உண்டு. மிகச் சிறிய எண்ணுடையது வேர். மற்றவை வேருக்குச் செல்லும் குறுகிய வழியைத் திறந்து வைத்து, வட்டத்தை உண்டாக்கும் வழிகளை உறங்கச் செய்யும். எஞ்சுவது ஒரு மரம். அதனால் ஸ்பானிங் ட்ரீ என்றனர். உறங்கும் வழி அறுபட்டதன்று; திறந்த வழி பழுதானால் விழித்தெழும். தலைமை அதிகாரி எவருமின்றிக் கருவிகள் தாமே கலந்து முடிவு செய்வதுதான் என்னைப் பெரிதும் வியக்க வைப்பது. 1990-ல் இது 802.1டி என்னும் பொதுத்தரமாயிற்று.

எனினும் மரத்துக்கும் ஓர் அளவுண்டு. ஏழு பிரிட்ஜுகளுக்கு மேல் வழி நீளாதிருத்தல் நன்று என்பது விதி. பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் வலையமைப்பு சிறிது சிறிதாக வளர்ந்து இவ்வெல்லையைக் கடந்திருந்தது. 2002 நவம்பரில் செய்திகள் சுழலத் தொடங்கின; ஏறத்தாழ நான்கு நாட்கள் மருத்துவர்கள் காகிதத்தையே நம்ப வேண்டியதாயிற்று. பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் சுமந்து ஓடினர். கணிப்பொறிப் பிரிவின் தலைவர் ஜான் ஹலாம்கா நடந்ததை மறைக்காமல் உலகறிய உரைத்தார். அது அரிய பண்பு என்பேன்.

2001-லேயே விரைந்து விழிக்கும் புதிய முறை தரமாகியிருந்தது. இன்று வேறொரு காவலும் உண்டு. மேசைக் கணிப்பொறிக்கென ஒதுக்கிய துளையில் யாரேனும் அறியாமல் ஒரு ஸ்விட்சைச் செருகி, அதிலிருந்து மரம் வகுக்கும் செய்தி வந்தால், அத்துளை அக்கணமே மூடிக்கொள்ளும். பொறுப்பாளர் வந்து பார்த்த பின்னரே பெரும்பாலும் அது மீண்டும் திறக்கப்படும்.