ஜான் மெக்டியர்னன்

ஜான் மெக்டியர்னன் (பிறப்பு: சனவரி 8, 1951) ஓர் அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஆவார். 1987 முதல் 1990 வரை இவர் இயக்கிய மூன்று படங்கள் அதிரடித் திரைப்படத்தின் இலக்கணத்தையே மாற்றின எனலாம். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் பிறந்த இவர், ஜூலியார்ட் கலைப் பள்ளியிலும் அமெரிக்கத் திரைப்படக் கழகத்திலும் பயின்றார். முதல் படமான நோமாட்ஸ் (1986) பெரிதாக ஓடவில்லை. ஆனால் அதைப் பார்த்து வியந்த ஆர்னால்ட் சுவார்செனேகரின் ஆதரவால் பிரிடேட்டர் (1987) படத்தை இயக்கும் வாய்ப்பு கிடைத்தது.

டை ஹார்ட்

ராடரிக் தார்ப் 1979இல் எழுதிய நாவல் ஒன்றே டை ஹார்ட் (1988) படத்தின் மூலம். நாவலில் கட்டடத்தைக் கைப்பற்றுபவர்கள் அரசியல் தீவிரவாதிகள். மெக்டியர்னன் அவர்களைத் தீவிரவாதிகள் போல் நடிக்கும் கொள்ளையர்களாக மாற்றினார். பார்வையாளர் குற்றவுணர்வின்றி ரசிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கதையையும் ஒரே இரவுக்குள் அடக்கினார். அக்காலத்து நாயகர்கள் குண்டு பாய்ந்தாலும் அசையாத மல்லர்கள். இப்படத்தின் காவலரோ காலணியின்றி உடைந்த கண்ணாடி மீது ஓடுகிறார், இரத்தம் சிந்துகிறார், பயப்படுகிறார். அந்த வேடத்தில் நடித்த புரூஸ் வில்லிஸ் அதுவரை தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரால் அறியப்பட்டவர். அவருக்கு 50 இலட்சம் டாலர் கொடுத்ததைப் பலரும் கேலி செய்தனர். வில்லனாக வந்த ஆலன் ரிக்மனுக்கு இதுவே முதல் திரைப்படம். லாஸ் ஏஞ்சலஸில் ஃபாக்ஸ் நிறுவனம் அப்போது கட்டிக்கொண்டிருந்த சொந்தக் கட்டடத்திலேயே படப்பிடிப்பு நடந்தது. எவர் எந்தத் தளத்தில் இருக்கிறார் என்பது ஓரிடத்திலும் குழம்புவதில்லை. இன்றைய சண்டைப் படங்களில் இந்தத் தெளிவைத் தேட வேண்டியிருக்கிறது. சுமார் 2.8 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் ஏறத்தாழ 14 கோடி டாலர் ஈட்டியது.

த ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர் (1990) படத்தில், ரஷ்ய நீர்மூழ்கி அதிகாரி ஒருவர் ரஷ்ய மொழியில் நூலை வாசிக்கிறார். கேமரா அவர் உதடுகளை நெருங்குகிறது. இரு மொழிகளுக்கும் பொதுவான 'அர்மகெடான்' என்னும் சொல்லில் உரையாடல் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. மொழி கற்பிப்போர் மாணவர்களுக்குக் காட்டத்தக்க காட்சி இது.

சரிவும் வழக்கும்

லாஸ்ட் ஆக்சன் ஹீரோ (1993), ஜுராசிக் பார்க் வெளியான அடுத்த வாரமே வந்து அடிபட்டது. மூன்றாவது டை ஹார்ட் (1995) இவரை மீட்டது. ரோலர்பால் (2002) படுதோல்வி. அப்படத்தின் தயாரிப்பாளர் ஒருவரது தொலைபேசியை ஒட்டுக்கேட்க, 2000இல் அந்தோனி பெலிக்கானோ என்ற தனியார் துப்பறிவாளரை மெக்டியர்னன் அமர்த்தியிருந்தார். 2006இல் எஃப்.பி.ஐ. அதுபற்றி விசாரித்தபோது பொய் சொன்னார். ஒட்டுக்கேட்டதைவிட அந்தப் பொய்யே முதலில் அவரைச் சிக்க வைத்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார், பின்னர் அதைத் திரும்பப் பெற்றார், மீண்டும் ஒப்புக்கொண்டார். மேல்முறையீடுகள் பல ஆண்டுகள் நீண்டன. 2013 ஏப்ரலில் தெற்கு டகோட்டாவின் யாங்க்டன் சிறை முகாமில் அடைக்கப்பட்டு, 2014 பிப்ரவரியில் வெளியே வந்தார். அதற்குள் அவரது பண்ணை வீடும் சேமிப்பும் கடனில் சிக்கியிருந்தன. 2003இல் வெளிவந்த பேசிக் படத்துக்குப் பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் இயக்கத்தில் முழுநீளப் படம் எதுவும் வரவில்லை.