தொழிலாளர் முன்னணி ஆட்சியும் சிங்கப்பூர்த் தமிழரின் உரிமைகளும்

சிங்கப்பூரில் தமிழுக்கு அரசாங்க அந்தஸ்து எப்போது கிட்டியது என்ற வினாவுக்கு நம்மவரில் பெரும்பாலோர் 1965 என்றே விடை பகர்வர். சற்றுச் சரித்திரப் பயிற்சி உள்ளவர்கள் மக்கள் செயல் கட்சி ஆட்சிப்பீடம் ஏறிய 1959ஆம் ஆண்டைக் குறிப்பிடுவர். இவ்விரு விடைகளுக்கும் ஆதாரம் உண்டு. எனினும் வேரைத் தேடிச் செல்பவன் இவ்விரண்டையும் கடந்து, 1955 ஏப்ரல் முதல் 1959 ஜூன் வரை இத்தீவின் நிர்வாகத்தை நடத்தி, பிறகு தேர்தலில் படுதோல்வியுற்று, கட்சியாகவும் கரைந்து, பள்ளிப் பாடநூல்களில் ஒரு முன்னுரையளவே இடம் பெற்றுள்ள தொழிலாளர் முன்னணி மந்திரிசபையிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது. தமிழ் இங்கே பெற்ற இடம் பிரதானமாகத் தமிழரின் எண்ணிக்கை பலத்தால் வந்ததன்று, அவர்களுடைய கிளர்ச்சியால் வந்ததுமன்று. சீனக் கல்வியைப் பற்றிய ஒரு பெரும் பூசலைத் தணிக்க அம்மந்திரிசபை வகுத்த பொது நியாயம் ஒன்றின் கிளையாக வந்தது. அவ்வாறு வந்தமையாலேயே அது நிலைத்தது. அவ்வாறு வந்தமையாலேயே உள்ளீட்டில் மெலிந்தும் போயிற்று என்பதே இக்கட்டுரை நிலைநாட்ட முயலும் கருத்து.

ரெண்டல் அரசியலமைப்பின் கீழ் 1955 ஏப்ரல் 2ஆம் தேதி நடைபெற்ற தேர்தலில், மக்கள் தேர்ந்தெடுக்கக்கூடிய 25 இடங்களில் பத்தை வென்ற தொழிலாளர் முன்னணி, அம்னோ, மலாயச் சீனர் சங்கம் ஆகியவற்றின் கூட்டணியைத் துணைக்கொண்டு ஆட்சி அமைத்தது. முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் பாக்தாத் வழிவந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர், பெயர்பெற்ற வழக்கறிஞர், நாவன்மையும் முன்கோபமும் ஒருங்கே வாய்த்தவர். குறைகளைச் சொல்லிக்கொள்ள வரும் சாமான்ய ஜனங்களை நேரில் கண்டு பேசும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் அவரே. இன்று தொகுதிதோறும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நடத்திவரும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு மூலவித்து அதுதான். 1956இல் சுயாட்சி கோரி லண்டனில் நடத்திய பேச்சுவார்த்தை முறிந்ததும், தோற்றால் விலகுவேன் என்று சொன்ன சொல்லைக் காத்து ராஜிநாமாச் செய்தார். அவருக்குப் பின் வந்த லிம் இயூ ஹாக், குமாஸ்தாவாகவும் தொழிற்சங்கவாதியாகவும் இருந்து உயர்ந்தவர். மார்ஷலால் பெற முடியாத சுயாட்சியை 1957, 1958ஆம் ஆண்டுகளின் பேச்சுவார்த்தைகளில் பெற்று வந்தவர் அவரே என்பதும், அதன் பலனை அனுபவித்தவர் வேறொருவர் என்பதும் அரசியலில் அபூர்வமல்லாத விசித்திரம்.

மொழி விவகாரத்தின் பிறப்பிடம் சட்டமன்றமன்று, தெருவே. 1955 மே 12ஆம் தேதி, ஹோக் லீ பேருந்து நிறுவனத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தோடு சீன உயர்நிலைப்பள்ளி மாணவர்களும் சேர்ந்துகொள்ள, கலவரம் மூண்டு நான்கு உயிர்கள் மாண்டன. அம்மாணவர்களின் மனக்கசப்புக்கு ஆழ்ந்த காரணங்கள் இருந்தன: சீனப் பள்ளிகளுக்குக் கிடைத்த மானியம் சொற்பம்; அங்கே படித்தவர்களுக்கு அரசாங்க உத்தியோகம் எட்டாக்கனி; தங்கள் பாஷையில் சட்டமன்றத்தில் ஒரு வார்த்தை பேசவும் வழியில்லை. இக்கலவரத்தை ஒட்டி மார்ஷல் நியமித்த சர்வகட்சிக் குழு, கல்வி அமைச்சர் சியூ சுவீ கீயின் தலைமையில் கூடி 1956 பிப்ரவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. சீனக் கல்வியைப் பற்றி ஆராயவே அக்குழு அமைக்கப்பட்டது. ஆனால் ஒரு சமூகத்தின் பள்ளிகளுக்கு மட்டும் நியாயம் வழங்கினால் அது சலுகையாகத் தோன்றும், எல்லாச் சமூகத்தின் பள்ளிகளுக்கும் வழங்கினாலே தர்மமாக நிற்கும் என்பதை உணர்ந்தோ, வேறு வழியின்றியோ, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நால்வகைப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும்; தொடக்கநிலையில் இருமொழியும் உயர்நிலையில் மும்மொழியும் பயிற்ற வேண்டும்; பாடத்திட்டம் மலாயாவை மையமாகக் கொண்டு பொதுவாக அமைய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. தமிழர் தனியே கேட்டிருந்தால் அந்த ஆண்டில் கிடைத்திருக்குமா என்பது எனக்கு ஐயமே. 1957ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இத்தீவின் ஜனத்தொகை ஏறத்தாழ 14 லட்சத்து 46 ஆயிரம். அதில் இந்தியர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, தமிழர் அதனினும் குறைவு.

அதே பிப்ரவரி மாதத்தில், சட்டமன்ற விவாதங்களில் ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் என்னும் நான்கு மொழிகளும் வழங்கலாம் என்ற தீர்மானம் நிறைவேறிற்று. சீன வர்த்தகச் சங்கம் பல ஆண்டுகள் வற்புறுத்தி வந்த கோரிக்கை அது. வாய்ப்பு வந்தபோது தமிழும் உடன் நுழைந்தது. இதன் பெருமையை அளக்க வேண்டுமாயின், அக்கம்பக்கத்து நாடுகளை ஒருமுறை நோக்கினால் போதும். சிங்கப்பூர் சட்டமன்றம் தமிழை ஏற்றுக்கொண்ட நான்காம் மாதத்தில், ஜூனில், இலங்கையின் பிரதிநிதிகள் சபை சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்ற சட்டத்தை நிறைவேற்றியது. சென்னை ராஜ்யம் தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டமும் அதே 1956ஆம் ஆண்டின் இறுதியில்தான் இயற்றப்பட்டது. மறு ஆண்டு சுதந்திரம் பெற்ற மலாயாக் கூட்டரசின் அரசியலமைப்பில், தோட்டந்தோறும் தமிழர் நிறைந்திருந்தும், தமிழுக்கு ஆட்சிமொழி இடம் தரப்படவில்லை. ஆக, நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட தமிழ் பேசுவோரைக் கொண்ட ஒரு தீவில் தமிழ் தள்ளப்பட்ட அதே ஆண்டில், நூற்றுக்குப் பத்துப் பேருமில்லாத மற்றொரு தீவில் அது அரியணையில் அமர்த்தப்பட்டது. எண்ணிக்கை அதிகமாக இருந்த இடத்தில் அச்சம் பிறந்தது. குறைவாக இருந்த இடத்தில் யாருக்கும் அச்சமில்லை. பூசல் தமிழைப் பற்றியதாக இல்லாமற்போனதே இங்கே தமிழுக்கு நன்மையாயிற்று.

மொழியினும் ஆழமான மாறுதல் பிரஜாவுரிமையில் நிகழ்ந்தது. 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இங்கே நீண்ட காலம் வசித்து விசுவாசப் பிரமாணம் செய்யச் சம்மதிக்கும் வெளிநாட்டாருக்கும் கதவைத் திறந்தது. நவம்பர் முதல் மூன்று மாதங்கள் தீவெங்கும் பதிவு இயக்கம் நடந்தது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்துகொண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத்தில் பிறந்த சீனர். சட்டத்தின் முதல் நோக்கமும் அவர்களே. ஆயினும் சிராங்கூன் சாலையின் பின்சந்துகளிலும் துறைமுகக் குடியிருப்புகளிலும் வாழ்ந்த தமிழனுக்கு அந்த மூன்று மாதங்கள் எத்தகைய தர்மசங்கடத்தைத் தந்திருக்கும் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மனைவியும் மக்களும் தஞ்சையிலோ முகவையிலோ இருப்பர். மாதந்தோறும் பணம் அனுப்புவான். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்குவான். கடைசிக் காலத்தில் ஊரில் ஒரு காணி நிலம் வாங்கி உட்கார்ந்துவிடலாம் என்பது அவன் கனவு. 1955ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, பிற நாட்டுக் குடியுரிமையைத் தானே விரும்பி ஏற்பவன் இந்தியக் குடியுரிமையை இழந்துவிடுவான். இந்த விண்ணப்பத்தில் கையெழுத்திடுவது, ஆகவே, ஊரோடு இருந்த சட்டத் தொடர்பை அறுத்துக்கொள்வதாகவும் அவனுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. இங்கேதான் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணியின் பணி முக்கியமாகிறது. 1952 முதல் தமிழர் திருநாளை நடத்தியவரும், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்காகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டியவருமான அவர், தயங்கி நின்ற தமிழரைப் பார்த்து, குடியுரிமை பெறுங்கள் என்று தம் பத்திரிகை வாயிலாக ஓயாது வலியுறுத்தினார். சர்க்கார் கதவைத் திறந்தது. உள்ளே போகச் சொல்ல ஒரு பத்திரிகாசிரியர் தேவைப்பட்டார்.

அதே ஆண்டில் இயற்றப்பட்ட கடைச் சிப்பந்திகள் சட்டத்தைப் பற்றி எவரும் அதிகம் எழுதியதில்லை. நான் சிறிது எழுத விரும்புகிறேன். அக்காலத்துச் சிராங்கூன் சாலைப் பலசரக்குக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் வேலை பார்த்த பையன்களில் பலர், முதலாளியின் ஊரையோ உறவையோ சேர்ந்தவர்கள், கீழே கடை, மேலே படுக்கை, சாப்பாடு முதலாளியுடையது, சம்பளத்தில் ஒரு பகுதி கணக்கில் நிற்கும், கதவுப் பலகைகளை விடியற்காலையில் கழற்றுவதும் இரவில் மாட்டுவதும் அவர்கள் கையாலேயே நடக்கும். இடையில் எத்தனை மணி நேரம் என்று கணக்கிடும் வழக்கமே இல்லை, ஏனெனில் முதலாளியை ‘மாமா’ என்றும் ‘அண்ணாச்சி’ என்றும் அழைப்பவன் மணிக்கணக்குப் பேசுவது மரியாதைக் குறைவு. அந்த உறவுக்குள் சட்டம் முதன்முதலாகத் தலையிட்டு, வேலை நேரத்துக்கு ஓர் எல்லையும் ஓய்வுக்கும் விடுப்புக்கும் ஓர் உரிமையும் உண்டு என்றது. நடைமுறையில் எத்தனை கடைகளில் அது பூரணமாகக் கைக்கொள்ளப்பட்டது என்பது வேறு விஷயம். உரிமை என ஒன்று ஏட்டில் ஏறிவிட்டது. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் அதை உள்வாங்கிக்கொண்டது. மத்திய சேம நிதியையும் இவ்வாட்சியின் சாதனையாகச் சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. அதன் சட்டம் 1953இலேயே இயற்றப்பட்டது. 1955 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது மார்ஷல் பதவியில் இருந்தார், அவ்வளவே.

இத்தனையும் சொன்னபின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது சரித்திரத்துக்குத் துரோகமாகும். விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரத்தைத் தேர்தல் மேடையில் கண்டித்த அதே மார்ஷல், 1955 அக்டோபரில் பொதுப் பாதுகாப்புப் பேணற் சட்டத்தைக் கொண்டுவந்தார். மறு ஆண்டில் லிம் இயூ ஹாக் அதைத் தயக்கமின்றிப் பிரயோகித்தார். சீன மாணவர் சங்கம் கலைக்கப்பட்டதைத் தொடர்ந்து 1956 அக்டோபரில் எழுந்த கலவரத்தில் 13 பேர் இறந்தனர். இடதுசாரித் தொழிற்சங்கத் தலைவர் லிம் சின் சியோங்குடன் தேவன் நாயர், ஜேம்ஸ் புதுச்சேரி, உட்ஹல் முதலிய இந்தியத் தொழிற்சங்கத் தலைவர்களும் சிறை புகுந்தனர். சமத்துவத்தை வழங்கிய கையும் சிறைக்கதவைச் சாத்திய கையும் ஒன்றே. இதை முரண்பாடு என்று சிலர் கருதுவர். எனக்கு அவ்வாறு படவில்லை. சீனக் கல்வி பெற்றோரின் நியாயமான குறையைத் தீர்ப்பதும், அக்குறையைக் கொண்டு இயக்கம் நடத்துவோரை ஒடுக்குவதும் ஒரே கொள்கையின் இரு முகங்களாகவே அம்மந்திரிசபைக்குத் தோன்றின. பின்வந்த ஆட்சியும் அவ்விரண்டையும் சேர்த்தே சுவீகரித்தது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். நான்கு மொழிக் கொள்கையைச் சட்டமாக்கி, பள்ளியிலும் அலுவலகத்திலும் நடைமுறைப்படுத்தியது மக்கள் செயல் கட்சியல்லவா, தோற்றுப்போனவர்களுக்கு ஏன் இந்தப் புகழ் என்று கேட்பர். நடைமுறைப்படுத்திய புகழ் அக்கட்சிக்கே உரியது. 1965ஆம் ஆண்டுச் சுதந்திரச் சட்டத்தில் தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகப் பொறித்ததும் அதுவே. ஆனால் சர்வகட்சிக் குழுவில் அங்கம் வகித்த லீ குவான் இயூ, 1959இல் ஆட்சிக்கு வந்தபோது புதியதொரு கொள்கையைத் தேட வேண்டியிருக்கவில்லை. எல்லாக் கட்சிகளும் கையெழுத்திட்ட ஒன்று ஆயத்தமாக இருந்தது. தேர்தல் வெற்றியும் பெருமளவு பழைய ஆட்சியின் சட்டங்களால் விளைந்ததே. புதிய குடிமக்களாலும் கட்டாய வாக்களிப்பாலும், 1955இல் சுமார் மூன்று லட்சமாக இருந்த வாக்காளர் தொகை 1959இல் ஆறு லட்சத்தை நெருங்கியது. மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43ஐ வென்றது. லிம் இயூ ஹாக்கின் புதிய கட்சிக்கு நான்கே கிடைத்தன. தான் வாக்குரிமை வழங்கியவர்களாலேயே தோற்கடிக்கப்பட்ட ஆட்சி அது. அந்த அலையில் தப்பிய ஒரே சுயேச்சை, தேக்காவுக்கு அடுத்த ஃபேரர் பார்க் தொகுதியின் ஏ. பி. ராஜா என்பதும், பின்னாளில் அவர் சட்டமன்ற சபாநாயகரானார் என்பதும் இடையே நினைக்கத்தக்கவை.

இனி மெலிவைப் பற்றி. சமத்துவம் நால்வகைப் பள்ளிகளுக்கும் சட்டத்தில் கிட்டியது. ஆனால் சந்தையில் ஆங்கிலத்துக்கே விலை இருந்தது. கடையநல்லூர் முஸ்லிம்கள் தஞ்சோங் பகாரில் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, 1960இல் உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்து, மாணவர் குறைந்து, 1982இல் மூடப்பட்டது; அதனோடு தமிழ்வழிக் கல்வியும் இத்தீவில் முடிவுற்றது. ரூபாய் நோட்டைப் போலவே வெள்ளி நோட்டிலும் தமிழ் இருக்கிறது என்று ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் மகிழ்கிறார்கள். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறெதையும் தமிழில் வாசிக்கத் தடுமாறும் பேரப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறான். பிறர் பூசலின் பயனாகக் கிடைத்த உரிமைக்குப் பின்னால் போராடிப் பெற்ற ஸ்தாபனங்களின் பலம் இருப்பதில்லை. மொழியின் அந்தஸ்தை அரசு காத்தது. மொழியின் புழக்கத்தைக் காக்கும் கடமை வீட்டுக்கு விடப்பட்டது. வீடு அதைப் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்கே திருப்பி அனுப்பிற்று.

தமிழ் ஆராய்ச்சியாளர்கள் சாரங்கபாணியைப் பற்றியும் தமிழர் திருநாளைப் பற்றியும் சிரத்தையுடன் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1955 முதல் 1959 வரையிலான சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும் அதே ஆண்டுகளின் ‘தமிழ் முரசு’ இதழ்களையும் அருகருகே வைத்து ஆராயும் முழுநூல் தமிழில் வரவேண்டியிருக்கிறது. இரண்டும் சிங்கப்பூர் நூலகங்களில் படிக்கக் கிடைக்கின்றன. அதைச் செய்ய முன்வரும் இளைஞர் எவராயினும், 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தோடு நின்றுவிடாமல், அவ்வாட்சியின் மறுபக்கத்தைக் காட்டும், 1955 அக்டோபரில் தற்காலிக ஏற்பாடாக இயற்றப்பட்ட குற்றவியல் சட்டத்தையும் சேர்த்தே படிக்க வேண்டுகிறேன். முன்னது இன்றும் அதே ஆண்டின் பெயரால் நடைமுறையில் இருக்கிறது. பின்னது ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு, 2024இல் நாடாளுமன்றம் எடுத்த முடிவின்படி 2029 அக்டோபர் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.