கணப்பின் விலை

குளிர் நாடுகளில் எரிபொருள் அடுப்புக்கு மட்டும் உரியதன்று. உயிர் காக்கும் பொருளும் அதுவே. ஆதலின் அதன் விலை வரலாற்றை எண்களின் ஏற்ற இறக்கமாக மட்டும் படித்தல் போதாது. விலை உயர்ந்தபோது அச்சுமையை யார் தாங்கினார் என்றும் கேட்டல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அந்நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் நிலக்கரிக்கு மாற்றாக எண்ணெய் உலைகள் வீடுதோறும் பரவின. எண்ணெய் மலிவாகக் கிடைத்ததே காரணம். 1973இல் வீட்டுக் கணப்பு எண்ணெய் ஒரு கேலன் சுமார் 23 சென்ட்தான். அவ்வாண்டு அக்டோபரில் அரபு - இஸ்ரேல் போர் மூண்டது. இஸ்ரேலுக்குத் துணைநின்ற அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை அரபு நாடுகள் நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 11 டாலரைக் கடந்தது. 1979இல் ஈரானியப் புரட்சி மீண்டும் விலையை உயர்த்தியது. 1981இல் கணப்பு எண்ணெய் ஒரு கேலன் 1 டாலர் 19 சென்ட் அளவுக்கு ஏறிவிட்டது. எட்டே ஆண்டுகளில் ஐந்து மடங்கு! ஏழைக் குடும்பங்களின் கணப்புச் செலவுக்கு உதவ அவ்வாண்டே அமெரிக்க அரசு ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது.

இயற்கை எரிவாயுக் குழாய் எட்டாத நாட்டுப்புறத்தார் புரொப்பேனை நம்பி வாழ்கின்றனர். நம் சமையல் எரிவாயு உருளையிலும் கலந்திருக்கும் வாயு அது. வீட்டு முற்றத்துத் தொட்டியில் அதனை லாரி வந்து நிரப்பிச் செல்லும். இயற்கை எரிவாயுவைத் தூய்மை செய்கையிலும், கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கையிலும் கிடைக்கும் துணைப்பொருளே புரொப்பேன். எனவே குளிர் மிகுந்தது என்பதற்காக உற்பத்தியை உடனே பெருக்கிவிட இயலாது. சேமிப்பே காவல்.

அக்காவல் 2013இன் இறுதியில் தளர்ந்தது. மத்திய மேற்கு மாநிலங்களில் மக்காச்சோளம் ஈரத்தோடு அறுவடையாயிற்று. அதை உலர்த்தவே ஏராளமான புரொப்பேன் செலவாயிற்று. அந்நாளில் கனடாவிலிருந்து அதனைக் கொணர்ந்துவந்த கொச்சின் குழாய் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் மூடப்பட்டது. வெளிநாட்டு ஏற்றுமதியும் பெருகியிருந்தது. இந்நிலையில் 2014 ஜனவரியில் கடுங்குளிர் இறங்கிற்று. அக்டோபரில் கேலன் 2 டாலருக்கும் குறைவாக இருந்த வீட்டு விலை, ஜனவரி இறுதியில் 4 டாலரைத் தாண்டியது. தட்டுப்பாடுள்ள இடங்களுக்குப் புரொப்பேனை முதலில் அனுப்புமாறு குழாய் நிறுவனமொன்றுக்குக் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பிப்ரவரியில் கட்டளையிட்டது.

ஒரு கணக்கை இங்கு எண்ணிப் பார்க்கலாம். கையில் பணமிருந்து இலையுதிர்காலத்திலேயே 400 கேலன் நிரப்பிக்கொண்டவருக்கு 800 டாலருக்குள் செலவு முடிந்தது. கூலி வந்தால்தான் வாங்க முடியும் என்றிருந்தவர் அதே 400 கேலனுக்கு ஜனவரி இறுதியில் 1,600 டாலருக்கு மேல் தர வேண்டியதாயிற்று. வாயு ஒன்றே, குளிரும் ஒன்றே. வறியவர் கொடுத்ததோ இரு மடங்கு.

பின்னர் விலை இறங்கியது. ஆண்டுச் சராசரியைப் பார்ப்பவருக்கு அந்த ஜனவரி ஒரு சிறு மேடாகவே தோன்றும். ஆனால் குடும்பங்கள் சராசரி விலையில் எரிபொருள் வாங்குவதில்லை. தொட்டி வற்றிய நாளின் விலையிலேயே வாங்குகின்றன. முன்கூட்டி வாங்க இயலாதவருக்குக் கோடையிலேயே கைகொடுக்கும் உதவிதான் உண்மையான உதவி. பனி விழுந்தபின் வரும் உதவியில் பெரும்பங்கு உயர்ந்த விலைக்கே போய்விடும்.