காதில் விழுந்த நாவல்

கென்யாவின் காமித்திச் சிறையில் கைதிகளுக்குக் கொடுத்த கழிப்பறைத் தாள் சொரசொரப்பாக, விறைப்பாக இருந்தது. கைதிக்கு அங்கேயும் தண்டனை இருக்கட்டும் என்று தேடிப்பிடித்து வாங்கினார்களோ என்னவோ. மெல்லிய தாளாக இருந்திருந்தால் பேனா முனை பட்டுக் கிழிந்திருக்கும். இது தாங்கியது. 1978இல் 16ஆம் அறையில் அடைபட்டிருந்த கைதி அதில் ஒரு நாவல் எழுதினார். அவர் எண் கே6,77. பெயர் கூகி வா தியாங்கோ.

அதுவரை அவர் எழுதிய நான்கு நாவல்களும் ஆங்கிலம். கடைசி நாவலான ‘பெட்டல்ஸ் ஆஃப் ப்ளட்’ ஆட்சியாளர்களைக் கடுமையாகச் சாடியது. அப்படியிருந்தும் 1977 ஜூலையில் அதன் வெளியீட்டு விழாவுக்கு நிதியமைச்சர் ம்வாய் கிபாக்கியே வந்தார். அரசாங்கத்துக்குச் சினம் மூண்டது அதே ஆண்டு அக்டோபரில். லிமுரு பக்கத்திலுள்ள காமிரீத்து கிராமத்தில், கூகி வா மீரீயோடு சேர்ந்து அவர் எழுதிய நாடகத்தை விவசாயிகளும் தொழிலாளர்களும் தங்கள் மொழியான கிக்குயுவிலேயே மேடையேற்றினார்கள். ஒத்திகையைக்கூட ஊர் கூடிப் பார்த்தது, வசனத்தைத் திருத்தியது. நவம்பரில் நாடகத்தை நிறுத்தினார்கள். டிசம்பர் 31 வாக்கில் பேராசிரியர் கூகி வா தியாங்கோவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கு, விசாரணை எதுவும் கிடையாது.

எந்த மொழியில் எழுதியதற்காக உள்ளே தள்ளினார்களோ அதே மொழியில்தான் அடுத்த நாவல் என்று அவர் சிறையில் முடிவெடுத்தார். அதை வெறும் வீம்பு என்று சொல்லிவிட முடியாது. 1962இல் கம்பாலாவின் மகெரேரே கல்லூரியில் நடந்த புகழ்பெற்ற ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாட்டில், மாணவராக இருந்த கூகிக்கு இடம் கிடைத்தது ஆங்கிலத்தில் அச்சான ஓரிரு சிறுகதைகளால். ஆப்பிரிக்க மொழிகளில் வாழ்நாளெல்லாம் எழுதியவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி இல்லை. அந்த உறுத்தல் பல வருடம் உள்ளே கிடந்தது. 1968இல் நைரோபி பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறையையே கலைக்க வேண்டும் என்று தபான் லோ லியோங், ஓவுவோர் அன்யும்பா இருவரோடும் சேர்ந்து அறிக்கை விட்டார். அதன் பிறகும் நாவல் என்றால் ஆங்கிலம்தான். கைவிலங்கு விழுந்தபிறகே கை மாறியது.

நாவல் முடியும் தறுவாயில் திடீர்ச் சோதனை. தாள்கட்டை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மாதக்கணக்கான உழைப்பு. சில வாரம் கழித்துச் சிறை உயரதிகாரி ஒருவர் திருப்பித் தந்தார். இதில் தப்பாக எதுவும் இல்லை, ஆனால் உங்கள் கிக்குயு ரொம்பக் கடினமாக இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். கழிப்பறைத் தாளில் எழுதியிருக்க வேண்டாமே, வேறு தாள் தரச் சொல்கிறேன் என்றாராம்! உலகத்தில் எத்தனையோ தணிக்கை அதிகாரிகள். மொழி கடினம் என்று மட்டும் விமர்சனம் சொல்லிப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தவர் இவராகத்தான் இருப்பார்.

ஆகஸ்டில் அதிபர் ஜோமோ கென்யாட்டா இறந்தார். டிசம்பர் 12 அன்று கூகி வெளியே வந்தார். தாள்கட்டும் வந்தது. போன இடம் நைரோபி ஹைனமன் பதிப்பகத்தில் ஹென்றி சக்காவாவின் மேஜை. சக்காவாவுக்குக் கிக்குயு தாய்மொழி அல்ல, அவர் லூய்யா இனத்தவர். யாருக்கோ உரிய மொழியில் ஒரு நாவல் போட்டதற்காக அவருக்கு மிரட்டல்கள் வந்தன. தாக்கப்பட்டதில் ஒரு விரலே போகப் பார்த்தது. எழுதியவரைப் பற்றி ஆயிரம் கட்டுரை இருக்கிறது. அச்சடித்தவரைப் பற்றி நாலு வரி எழுதத்தான் ஆள் இல்லை.

1980 ஏப்ரலில் ‘சைத்தானி முதராபைனி’ வெளிவந்தது. முதல் பதிப்பு 5,000 பிரதி. மூன்று முதல் ஐந்து வருடத்தில் விற்றுத் தீர்ந்தால் போதும் என்பது பதிப்பகத்தின் கணக்கு. ஒரே மாதத்தில் இன்னொரு 5,000 அடிக்கவேண்டி வந்தது. டிசம்பருக்குள் மொத்தம் 15,000.

புத்தகம் வாங்கும் பழக்கமே இல்லாத ஊரில் இது எப்படி நடந்தது? படிக்கத் தெரியாதவர்களும் படித்தார்கள், காதால். வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருவர் மாலையில் உட்கார்ந்து வாசிக்க, குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்டது. தொழிலாளர்கள் மதிய இடைவேளையில் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பேருந்திலும் டாக்சியிலும் வாசிப்பு நடந்தது. இவற்றையெல்லாம் மிஞ்சியது மதுக்கடை. அங்கே வாசிப்பதையே தொழிலாக்கிக்கொண்டவர்கள் முளைத்தார்கள். குரலை ஏற்றி இறக்கி வாசித்துக்கொண்டே போவார்; கதை சூடு பிடிக்கிற இடம் பார்த்து நிறுத்துவார். கிளாஸ் காலி. கூட்டத்திலிருந்து யாராவது கடைக்காரரைப் பார்த்து இவருக்கு இன்னொரு பாட்டில் வை என்று கத்துவார்கள். கிளாஸ் நிறைந்ததும் கதை நகரும். கூகி இந்தக் காட்சியைப் பிற்பாடு சொற்பொழிவொன்றில் ரசித்து விவரித்திருக்கிறார். எந்த விருதை வாங்கியபோதும் அவர் இவ்வளவு மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

இந்த நாவலை ஆங்கிலத்தில் மௌனமாக வாசிப்பவர்கள், நீட்டி முழக்குகிறார், சொன்னதையே சொல்கிறார் என்பார்கள். திருடர்களும் கொள்ளைக்காரர்களும் ஒரு குகையில் கூடி, யார் மகா திருடன் என்று போட்டி வைத்து, ஒவ்வொருவராக மேடையேறித் தம் பெருமையை அளக்கிற பகுதி பக்கம் பக்கமாகப் போகும். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் பேச்சை அச்சில் படித்தாலும் அப்படித்தான் சலிக்கும். பத்துப் பேர் சுற்றி நின்று சிரிக்கும்போதுதான் அந்தத் திரும்பத் திரும்பச் சொல்லலுக்கு வேலை. கழிப்பறைத் தாள் கதைக்கு ஆளாளுக்கு உருகுகிறோம். எனக்கு அந்த மதுக்கடை வாசகர்தான் பெரிய ஆள்.

ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் கூகியேதான். 1982இல் அந்தப் பதிப்பின் வெளியீட்டுக்காக லண்டன் போனார். திரும்பினால் கைது என்று சேதி வந்தது, அங்கேயே தங்கினார். பிறகு ஊருக்கு அவர் வந்தது 2004இல். காமிரீத்துவில் ஊரார் கட்டிய திறந்தவெளி அரங்கை 1982 மார்ச்சிலேயே போலீஸ் இடித்துத் தள்ளியிருந்தது.

நாவல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. எண்பதுகளில் சிறையிலிருந்த தெலுங்குக் கவிஞர் வரவர ராவ் அங்கேயே அதைத் தெலுங்கில் மொழிபெயர்த்தார். அவருடைய சிறைக் கடிதங்களின் ஆங்கிலத் தொகுப்புக்கு 2010இல் கூகி முன்னுரை எழுதினார். தமிழில் அமரந்தாவும் சிங்கராயரும் மொழிபெயர்க்க ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ ஆனது.

இதற்கிடையே 1986இல் நாடு கடந்த நிலையில் அவர் எழுதிய அடுத்த கிக்குயு நாவலும் நைரோபியில் வெளியானது. பெயர் ‘மத்திகாரி’. நீதி எங்கே கிடைக்கும் என்று நாடெங்கும் கேட்டுத் திரிகிற ஒரு மனிதனின் கதை. கேட்டுக் கேட்டுப் பழகிய ஜனம் அவனைப் பற்றியே பேச ஆரம்பித்தது. மத்திகாரி என்றொருவன் ஊர் ஊராகப் போய்க் கலகம் மூட்டுகிறான் என்று 1987இல் உளவுத்துறைக்குத் தகவல் போனது. பிடியுங்கள் என்று உத்தரவு. போலீஸ் தேடிப்போய், அவன் ஒரு கதாபாத்திரம் என்று கண்டுபிடித்தது. பிப்ரவரியில் புத்தகக் கடைகளுக்குள் புகுந்து கிடைத்த பிரதிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள்.