முந்த்ரா விவகாரம்: கேள்வி கேட்ட மாப்பிள்ளை

அரசியலில் நேர்மைன்னு பேச்சு வந்தாலே நம்ம ஆட்கள் 1956 அரியலூர் ரயில் விபத்தையும், அதுக்காக சாஸ்திரி மந்திரி பதவியை விட்டதையும் எடுத்துவிடுவாங்க. நல்ல உதாரணம்தான், மறுக்கலை. ஆனா எனக்கு அதைவிட சுவாரசியமாப் படுறது, அடுத்த வருஷமே வெடிச்ச முந்த்ரா விவகாரம்.

ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளை அரசுடைமையாக்கி 1956ல் எல்.ஐ.சி. பிறந்தது. 1957 ஜூனில், கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவோட ஆறு கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கினாங்க. மனுஷன் பணமுடையில் தத்தளிச்சிக்கிட்டு இருந்த நேரம். எல்.ஐ.சி.யோட முதலீட்டுக் குழுவை ஒரு வார்த்தை கேட்கலை. அத்தனையும் பாலிசிதாரர்கள் கட்டின பணம்!

டிசம்பரில் மக்களவையில் இதைப் போட்டு உடைச்சவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. காங்கிரஸ் எம்.பி. ஃபெரோஸ் காந்தி, பிரதமர் நேருவின் சொந்த மாப்பிள்ளை. தனியார் காப்பீட்டு மோசடிகளை 1955ல் அம்பலப்படுத்தி, அரசுடைமைக்கு வழி போட்டவரும் இவர்தான். தான் ஆசைப்பட்டு வந்த அமைப்பையே கணக்கு கேட்க ஒரு தில் வேணும். அதுவும் மாமனார் ஆட்சியில்!

விசாரிச்சவர் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா. பொதுமக்கள் முன்னாலேயே விசாரணை. கூட்டம் தாங்காம ஒலிபெருக்கி வெச்சாங்க. 24 நாளில் வேலை முடிஞ்சுது. (நம்ம ஊர் கமிஷன்கள் வாங்குற கால நீட்டிப்பை நினைச்சா சிரிப்புதான் வருது.)

நிதியமைச்சர் நம்ம டி.டி.கிருஷ்ணமாச்சாரி. 'செயலாளர் எச்.எம்.படேல் செஞ்சதுக்கு நான் ஒப்புதல் தரலை'ங்கிறது அவர் வாதம். சாக்ளா ஏத்துக்கலை. செயலாளர் செஞ்சாலும் பொறுப்பு அமைச்சருக்குத்தான்னு எழுதிட்டார். இத்தனைக்கும் டிடிகே காசு வாங்கினார்னு அறிக்கை சொல்லலை. கை சுத்தமா இருக்கிறது வேற, பதவிக்குப் பதில் சொல்றது வேறன்னு அன்னிக்குப் பிரிச்சுப் பார்த்திருக்காங்க பாருங்க, அதுதான் பெரிய விஷயம். 1958 பிப்ரவரியில் ராஜினாமா.

டிடிகே 1962ல் மறுபடி அமைச்சரவைக்கு வந்தார், அடுத்த வருஷம் நிதியும் கைக்கு வந்தது. 1965ல் மகன்களோட கம்பெனிகளுக்குச் சலுகை காட்டினதா புகார். விசாரிக்காம நற்சான்று தர முடியாதுன்னு பிரதமர் சொல்லிட்டதால, ரெண்டாவது தடவையும் ராஜினாமா. அந்தப் பிரதமர் வேற யாருமில்லை, அரியலூருக்காகப் பதவியை விட்ட அதே சாஸ்திரி.